22-ம் நம்பர் யார் கொடுத்தது?

80-ல வெப், 25-ல மெயில், 22-ல எஸ்எஸ்ஹெச். வைவாவில் கேட்டா தூக்கத்துலகூட சொல்லிடுவோம். ஐபி முகவரி அபார்ட்மென்ட், போர்ட் நம்பர் வீட்டுக் கதவு எண்ணுன்னு உதாரணமும் ரெடி. சரி, அந்தக் கதவு எண்ணை ஒட்டுறது யாரு?

ஐயானா என்ற அமைப்புதான். 22-ன் கதையைப் பார்த்தாலே அந்தக் காலத்தில் இது எப்படி நடந்ததுன்னு புரிஞ்சிடும்.

1995-ல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ ஒட்டுக்கேட்டு பாஸ்வேர்டுகளை அள்ளிவிட்டார்கள். டெல்நெட்டும் எஃப்டிபியும் பாஸ்வேர்டை மறைக்காமல் அப்படியே அனுப்பும்; திருடுவது சுலபம். அங்கிருந்த டாட்டு யிலோனன் இதற்கு மாற்றாக எஸ்எஸ்ஹெச்சை எழுதினார். எஃப்டிபி 21-ல், டெல்நெட் 23-ல் இருந்தன. நடுவில் 22 காலி! ஜூலை 10-ம் தேதி ஐயானாவுக்கு ஒரு மெயில் போட்டார். மறுநாளே எண் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். (நமக்கு ஒரு போனஃபைடு வாங்கவே எத்தனை நாள் ஆகுது!)

அதென்ன 21, 23, 25-ன்னு ஒற்றைப்படையாவே இருக்கு? ஆர்பாநெட்டின் பழைய என்சிபியில் ஒரு இணைப்பில் டேட்டா ஒரு திசையில்தான் போகும். போக ஒன்று, வர ஒன்று என ஒற்றை-இரட்டை ஜோடி தேவைப்பட்டது. டிசிபி வந்தபின் ஒன்றே போதும் என்றானாலும், பழைய எண்கள் அப்படியே நின்றுவிட்டன.

இன்று ஒரு மெயில் போதாது. 2011-ல் வந்த ஆர்எஃப்சி 6335 விதிமுறைகளைச் சொல்கிறது. எண் 16 பிட் என்பதால் 65535 வரைதான் இருக்கு. அதனால் கொஞ்சம் கஞ்சத்தனம். 1023 வரை உள்ள எண்களுக்குக் கெடுபிடி அதிகம். 1024 முதல் 49151 வரை விண்ணப்பம் போடலாம், நிபுணர் பார்த்து முடிவு செய்வார். அதற்கு மேல் உள்ளவை யாருக்கும் கிடையாது, தற்காலிக இணைப்புகளுக்கு மட்டும்.

ஆனா பதிவு பண்ணினா பூட்டுப் போட்ட மாதிரின்னு நினைச்சுடாதீங்க. 22-ல் நீங்க வெப் சர்வரே ஓட்டலாம், ஐயானா வந்து தடுக்காது. லினக்ஸ் பொதுவா கேட்கிறது ஒண்ணுதான்: 1024-க்குக் கீழேன்னா ரூட் அனுமதி இருக்கா? உங்க நோட் ப்ராஜெக்ட் 3000-ல சமத்தா ஓடி, 80-ன்னு மாத்தினதும் 'பெர்மிஷன் டினைடு'ன்னு அடம்பிடிக்கிறது இதனாலதான்.