ஆகாயத்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருது?

"வாரிப்போட்ட குளத்துலயே ஆகாயத்தாமரை திரும்ப வருதே?" என்று குழுக் கூட்டங்களில் எங்களிடம் கேட்கிறீர்கள்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, பூவின் அழகுக்காக நம் நாட்டுக்குள் வந்தது. வசதி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இருமடங்காகும். தண்ணீரை மூடுவதால் மீன்கள் மூச்சுத் திணறும். உதிர்ந்த விதை சேற்றில் 15 வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சாக்கடையும் தோட்டத்து உரமும் அதற்குச் சாப்பாடு. பருவநிலை மாறித் தண்ணீர் சூடானால் இன்னும் வேகமாக வளரும்.

பேச்சிப்பாறைத் தண்ணீர் கால்வாய் வழியாகக் குளம் குளமாகப் போகிறது. பெருமழையில் செடியும் கூடவே போகும். அதனால் ஒரு குளத்தை மட்டும் சுத்தம் செய்தால் போதாது.

பூக்கும் முன்பே வேரோடு எடுப்போம். கரையில் போடாமல், தள்ளிக் கொண்டுபோய் சாணத்தோடு மக்க வைப்போம், தென்னைக்கு உரமாகும். குளத்தில் சாக்கடை கலப்பதைத் தடுக்க, கிராம சபையில் எல்லாக் குழுவும் சேர்ந்து கேட்போம்!