முதல் முடிச்சு சொல்லும் சேதி

கருப்பை உட்சுவரில் புற்றுநோய் என்றதும் மருத்துவர் முதலில் அறிய விரும்புவது, அது கருப்பையோடு நிற்கிறதா, வெளியே பரவிவிட்டதா என்பதைத்தான். அதை நிணநீர் முடிச்சுகள் காட்டிக்கொடுக்கும். முன்பு இடுப்புப் பகுதி முடிச்சுகளை மொத்தமாக அகற்றிச் சோதித்தார்கள். அதனால் சில பெண்களுக்குக் கால் வீக்கம் வாழ்நாள் முழுவதும் தங்கிவிட்டது.

இப்போது கருப்பை வாயில் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தைச் செலுத்தி, வயிற்றில் சிறு துளைகள் வழியாகச் சிறப்புக் கேமராவால் பார்க்கிறார்கள். சாயம் முதலில் சேரும் முடிச்சு ஒளிரும். புற்று பரவினால் பெரும்பாலும் முதலில் தங்கும் இடமும் அதுவே. அதை எடுத்துச் சோதித்தால் போதும்.

2017இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சாயம் சென்று சேர்ந்தவர்களுள் முடிச்சில் புற்று இருந்த 36 பேரில் 35 பேரை இம்முறை சரியாகக் கண்டறிந்தது. ஒரு பக்கம் சாயம் சேராவிட்டால், அந்தப் பக்க முடிச்சுகளை அகற்ற நேரிடும்.

நேயர்களே, ஒன்றைக் கவனியுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் வேறு. அதற்குச் சிறு துளை வழியே கருப்பையை அகற்றியவர்களிடம் நோய் அதிகம் திரும்பியதாக 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, "எனக்கு எந்த முறை, ஏன்?" என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.