தொடர் நோயும் தொடர் கவனிப்பும்

காய்ச்சல் சில நாள்களில் நீங்கும். உயர் இரத்த அழுத்தமோ ஆண்டுக்கணக்கில் தொடரும். இத்தகையவற்றை நாள்பட்ட நோய்கள் என்பர்.

அழுத்தம் 140/90 என்னும் அளவைக் கடந்தாலும் பெரும்பாலோர்க்கு வலி தோன்றுவதில்லை. ஆதலால், ‘உடல் நலமாகத்தானே உள்ளது’ என எண்ணிச் சிலர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். மீண்டும் உயரும் அழுத்தம் இதயம், மூளை, சிறுநீரகம் ஆகியவற்றைத் தாக்குகிறது.

இதனைத் தடுக்க 2017ஆம் ஆண்டு இந்திய உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. இதன்படி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அழுத்தத்தை அளந்து அட்டையில் குறிக்கின்றனர்; மாத்திரைகளை விலையின்றி வழங்குகின்றனர்; குறித்த நாளில் வராதவரைத் தொலைபேசியில் அழைக்கின்றனர்.

ஊர் பெயர்ந்து செல்வோர் அவ்வட்டையை உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். புதிய ஊரின் மருத்துவர்க்குப் பழைய அளவுகளை அதுவே உரைக்கும்.

வினா: மாத்திரையை இடையில் நிறுத்துவதால் விளையும் கேடு யாது?