உம்மாவின் கட்டிலருகே காணிப் பேச்சு வேண்டாம்

புதுக்குடியிருப்பில் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரின் உம்மா படுக்கையில் விழுந்தார். அவருடைய நானா இருப்பது புத்தளத்தில். மௌத்தான வாப்பாவின் காணியைப் பிரிப்பதில் வந்த பிணக்கால் இருவரும் பல வருடங்களாகப் பேசுவதில்லை. பெருநாளைக்குக்கூட ஸலாம் இல்லை. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று வைத்தியர் சொன்ன அன்று தம்பிதான் தொலைபேசி எடுத்தார். "நானா, உம்மா உங்களத் தேடுறா." வேறொன்றும் பேசவில்லை. நானா அன்றிரவே பஸ் ஏறினார். வவுனியா, மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாக சுபஹுக்குப் பின் வந்து சேர்ந்தார்.

இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அந்தக் குடும்பங்கள் பல இன்று இரண்டு ஊர்களில் வாழ்கின்றன. ஒரு பிள்ளை புத்தளத்தில் வேரூன்றிவிட்டது. இன்னொன்று 2009இல் யுத்தம் முடிந்தபின் முல்லைத்தீவுக்குத் திரும்பியது. திரும்பியவர் பற்றைக்காட்டை வெட்டி வேலி அடைத்தார். திரும்பாதவர் தன் பங்கைக் கேட்கிறார். இருவர் பக்கமும் நியாயம் இருப்பதால்தான் பிணக்கு நீள்கிறது.

ஆனால் நோயாளியின் அறைக்குள் அந்த வழக்குக்கு இடமில்லை. ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுங்குவது ஆகாது என்றும், முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். பதிலுக்குப் பதில் உறவாடுவது உறவைப் பேணுவதாகாது. முறிந்ததைப் போய் இணைப்பதே பேணுவது என்பதும் அவர்களின் போதனைதான்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை சில.

முதலாவது, வேலையைப் பங்கிடுவது. தூரத்திலிருந்து வருபவர் ஆலோசனை சொல்பவராக மட்டும் இருக்கக் கூடாது. இவ்வளவு நாளும் உம்மாவைக் கழுவித் துடைத்தவர் பெரும்பாலும் ஒரு மகளோ மருமகளோதான். அவருக்கு ஓர் இரவாவது தூக்கம் கிடைக்கட்டும்.

இரண்டாவது, ஸகராத் நேரத்தில் அருகிலிருப்பவர்கள் நல்லதையே பேசி, மெதுவாகக் கலிமாவை நினைவூட்ட வேண்டும். பழைய குற்றச்சாட்டுகள் அந்தக் காதில் விழக் கூடாது.

மூன்றாவது, படுக்கையில் இருப்பவரிடம் உறுதிக்குக் கையொப்பம் வாங்காதீர்கள். மரண நோயில் கொடுக்கும் அன்பளிப்பை மார்க்கச் சட்டம் வஸிய்யத்தைப் போலவே பார்க்கிறது. வஸிய்யத் சொத்தின் மூன்றிலொன்றைத் தாண்டக் கூடாது. அதை ஒரு வாரிசுக்குச் செய்வதென்றால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும். நம் நாட்டிலும் 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஜனாஸாச் செலவு, பிறகு கடன், பிறகு வஸிய்யத், அதன் பிறகே பங்கு. இந்த ஒழுங்கு தெரிந்தால் அவசரப்படத் தேவையில்லை என்பது விளங்கும்.

அந்த உம்மா பதினோராம் நாள் மௌத்தானார். இரண்டு மகன்மாரும் சேர்ந்தே கபுறில் இறங்கினார்கள். காணி இன்னும் பிரிபடவில்லை. ஆனால் பள்ளிவாசலில் ஒரு மௌலவியை வைத்து இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒருவர் பேசாமல் இருந்தால், உம்மா படுக்கையில் விழும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே ஒரு அழைப்பு எடுங்கள்.