"இவர் முன்புபோல் இல்லை"



தலைநகரின் சாலைகளில் தலையில் அடிபட்டு, எய்ம்ஸ் மருத்துவமனையின் ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையத்தில் உயிர் பிழைத்து வீடு திரும்புகிறவர்கள் அநேகர். தையல் பிரிக்கப்படுகிறது, நடை திரும்புகிறது, சபையார் ஸ்தோத்திரம் செலுத்துகின்றனர். ஆனால் சில வாரங்களுக்குள் மனைவி தனியே வந்து, "பாஸ்டர் ஐயா, இவர் முன்புபோல் இல்லை" என்று கண்ணீர் விடுவதுண்டு.

மனைவி அழுதாலும் அவர் கவனிப்பதில்லை. விருந்தினர் முன் தகாததைச் சொல்லிவிடுகிறார். மேற்பார்வையாளர் வேடிக்கையாய்க் கூறியதை மெய்யென்றெண்ணிச் சண்டைக்கு நிற்கிறார். உறவினர் இதைத் திமிர் என்பர். நம்மிலும் சிலர் அசுத்த ஆவி என்று தீர்ப்புச் சொல்லத் துணிவர். அவசரப்பட வேண்டாம், இது காயத்தின் விளைவாயிருக்கக் கூடும்.

மண்டையோட்டின் உட்புற அடிப்பகுதி கரடுமுரடானது. வேகமான மோதலில் மூளையின் முன்மடலும் பக்கமடலும் அதில் உராய்ந்து காயமடைகின்றன. பிறர் முகத்தாலும் குரலாலும் உள்ளத்தை அறிவதற்கும், நாவை அடக்குவதற்கும் இப்பகுதிகள் அவசியம். மகிழ்ச்சியை எளிதில் அறிகிறவரும் துக்கத்தையும் பயத்தையும் அறியத் தவறலாம். தம்மிடம் குறைவுண்டென்பதையே சிலர் உணர்வதில்லை.

இதனைக் கண்டறிய ஆஸ்திரேலியாவின் ஸ்கை மெக்டொனால்டும் உடன் ஆய்வாளரும் உருவாக்கிய சோதனை ஒன்று 2003-இல் ஆய்விதழில் வெளியானது. நடிகர்கள் உண்மையாகவும் கேலியாகவும் பொய்யாகவும் பேசும் காட்சிகளைக் காட்டி, பேசுகிறவரின் கருத்து என்னவென்று கேட்பதே அச்சோதனை.

இழந்த திறனைப் பயிற்சியால் மேம்படுத்தலாம். கண், புருவம், வாய் என ஒவ்வொன்றாய்க் கவனித்தல், ஒரே வாக்கியம் கோபமாகவும் துக்கமாகவும் ஒலிப்பதைப் பிரித்தறிதல், பேசுமுன் சற்று நிதானித்தல், சிறு குழுவில் உரையாடிப் பழகுதல் ஆகியவை அப்பயிற்சியின் அங்கங்கள். நரம்பு உளவியல் நிபுணரிடமும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

நோயாளியை மட்டும் பயிற்றுவிப்பதைவிட, அவரோடு பேசுகிறவரையும் சேர்த்துப் பயிற்றுவித்தபோது உரையாடல் அதிகம் சீர்பட்டதாக, லியான் டோகர் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆஸ்திரேலிய ஆய்வு காட்டுகிறது. ஆகவே பாடத்தில் பாதி நமக்குரியது.

சகோதரியே, அவர் உன் முகம் பார்த்து அறிந்துகொள்வார் என்று காத்திராதே. "எனக்கு வருத்தமாயிருக்கிறது, சற்று அருகில் உட்காருங்கள்" என்று வாய்திறந்து சொல். தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு காரியத்தையே பேசு. பிறர் முன் திருத்தாதே. பின்பு தனிமையில் எடுத்துச் சொல். "அப்பாவின் மூளையில் காயம்; உங்கள்மேல் அன்பு குறையவில்லை" என்று பிள்ளைகளுக்கு விளக்கு.

சபையாரே, ஆராதனை முடிந்ததும் அவரைக் கூட்டமாய்ச் சூழாமல் ஒருவர் ஒருவராய்ப் பேசுங்கள். அவரிடம் கேலிப்பேச்சு வேண்டாம். சொந்தபந்தம் ஊரிலிருக்க, இங்கு வாடகை வீட்டில் தனித்திருக்கும் அந்தச் சகோதரிக்கு வாரம் ஒரு மாலையாவது ஓய்வு கொடுங்கள்.

முதல் மாதங்களில் முன்னேற்றம் விரைவு. பின்பு மெதுவானாலும் நின்றுவிடுவதில்லை. சிலருக்குப் பழைய சுபாவம் முழுமையாய்த் திரும்பாமலும் போகலாம். அவருக்காக ஜெபிப்போம், பயிற்சிக்கும் அழைத்துச் செல்வோம்.