ஸ்லாஷர் ஓட்டும் முன் தோப்பை ஒருமுறை நடந்து பாருங்கள்

ஆனைமலைப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி ஒருவருக்கு, "தோப்பை அடிக்கடி உழாதீர்கள். உழும்போதெல்லாம் தென்னையின் மேல் வேர்கள் அறுபடுகின்றன. களையை ஸ்லாஷர் வைத்து வெட்டி அங்கேயே மூடாக்காகப் போடுங்கள், ஈரம் நிற்கும்" என்று யோசனை சொன்னவன் நான்தான். அவரும் ஒரு ஸ்லாஷரை வாடகைக்குப் பிடித்தார். இரண்டாம் நாள் போன் வந்தது.

"சார், மாட்டுக்குக் கால் போயிருச்சுங்க."

போய்ப் பார்த்தேன். பழைய வாய்க்கால் மதகு இடிந்து, கருங்கல் துண்டுகள் கோரைக்குள் மறைந்து கிடந்திருக்கின்றன. அதில் ஒன்றைக் கத்தி அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. சுமார் 150 அடி தள்ளிக் கட்டியிருந்த கறவை மாட்டின் பின்னங்கால் எலும்பு முறிந்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் அவர் மனைவி அந்த இடத்தில் உட்கார்ந்து பால் கறந்துவிட்டுப் போயிருக்கிறார். "கல்லு கெடந்தது எனக்குத் தெரியுமுங்க. டிரைவருக்குச் சொல்லோணும்னு தோணலீங்க" என்றார். ஸ்லாஷர் ஓட்டச் சொன்ன எனக்கும், கல்லைப் பற்றி எச்சரிக்கத் தோன்றவில்லை. அந்தக் குறைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கத்தியின் வேகம்

டிராக்டர் பி.டி.ஓ. நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும். ஸ்லாஷரின் கியர் பாக்ஸ் அதை இன்னும் கூட்டிக் கத்திக்குக் கொடுக்கிறது. 5 அடி அகல ஸ்லாஷரில் கத்தி நிமிடத்துக்கு 900 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொண்டால், அதன் முனை மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதில் பட்ட கல், கம்பித் துண்டு, தேங்காய் ஓடு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே ஓட்டும்போது சுற்றிலும் 300 அடிக்குள் ஆளோ மாடோ இருக்கக் கூடாது. முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலித் தடுப்பு இல்லாத ஸ்லாஷரைத் தோப்புக்குள் விடாதீர்கள்.

முதலில் நடை

ஓட்டுவதற்கு முந்தின நாள், தோப்பின் உரிமையாளரும் டிரைவரும் சேர்ந்து வரிசை வரிசையாக நடக்க வேண்டும். கல், கம்பி, விழுந்த மட்டை, தேங்காய் ஆகியவற்றைப் பொறுக்கி வெளியே போடுங்கள். எடுக்க முடியாதவை பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய உயரக் குச்சி நடுங்கள். எல்லைக்கல், வெட்டிய மரத்தின் அடிக்கட்டை, கரையான் புற்று, சொட்டுநீர் வால்வு, ஆழ்குழாய்க் கிணற்றின் கேசிங், மின்கம்பத்தின் ஸ்டே கம்பி ஆகியவற்றைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மண்ணில் புதைந்த பழைய வேலிக்கம்பியை மறந்துவிடாதீர்கள். அது கத்தியில் சுற்றிக்கொண்டு துண்டு துண்டாக அறுந்து பறக்கும்.

தடைகளைச் சுற்றி ஓட்டும்போது

* வெட்டும் உயரம் தரையிலிருந்து 4 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். அடர்ந்த புல்லாக இருந்தால் முதல் தடவை இன்னும் உயர்த்தி, ஆள் நடக்கும் வேகத்தில் ஓட்டி, இரண்டாம் தடவை இறக்கி வெட்டுங்கள்.
* மரத்தூரிலிருந்து 6 அடி வட்டத்துக்குள் ஸ்லாஷர் போகக் கூடாது. அந்த வட்டத்தை அரிவாளாலோ பிரஷ் கட்டராலோ சுத்தம் செய்யுங்கள். தண்டில் காயம் பட்டால் சிவப்பு கூன்வண்டு அங்கே முட்டையிடும். ஒரு வெட்டுக்காயத்தால் காய்க்கிற மரமே போய்விடலாம்.
* டிராக்டரை வலப்புறம் ஒடித்தால் பின்னால் இருக்கும் ஸ்லாஷரின் வால் இடப்புறம் வீசும். மரத்தையோ கம்பத்தையோ ஸ்லாஷர் முழுவதும் தாண்டிய பிறகே ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்.
* வரப்பு, வாய்க்கால், கற்குவியலைத் தாண்டும் முன் பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள். கத்தி சுற்றும்போதே ஸ்லாஷரைத் தூக்கினால் கல் பறக்க வழி திறந்துவிடும். ஷாஃப்ட்டின் குறுக்கு மூட்டும் கெடும்.
* வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரம் கரையிலிருந்து தள்ளி ஓட்டுங்கள். கரை சரிந்தால் டிராக்டர் கவிழும்.
* பின்பக்கம் தெரியாமல் ரிவர்ஸ் எடுத்து வெட்டாதீர்கள். மட்கார்டில் யாரையும் உட்கார வைக்காதீர்கள், உங்கள் பேரப்பிள்ளையானாலும் சரி.

புல் சிக்கினால்

பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் கத்தி சிறிது நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். என்ஜினை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கத்தி நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்கிப் போங்கள். ஹைட்ராலிக் தூக்கி நிற்கிறதே என்று நம்பி அடியில் கை விடாதீர்கள். கனமான மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். ஷாஃப்ட் ஒரு வினாடிக்கு 9 சுற்று சுற்றுகிறது. வேட்டி நுனியோ துண்டோ அதில் பட்டால், இழுத்து விடுவிக்க நேரமே இருக்காது. ஷாஃப்ட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போடுவது உயிரோடு விளையாடுவது.

வாசகர் கேள்வி

ஷியர் போல்ட் அடிக்கடி உடைகிறது. கெட்டியான போல்ட் போடலாமா?

கூடாது. கத்தி கல்லில் மோதும்போது கியர் பாக்ஸைக் காப்பாற்றுவதற்காக உடைய வேண்டிய போல்ட் அது. கெட்டியானதைப் போட்டால் அடுத்து உடைவது கியர் பாக்ஸ்தான். இயந்திரத்தோடு வந்த கையேட்டில் சொன்ன அளவையே போடுங்கள். அடிக்கடி உடைந்தால் தோப்பில் கல் மீதமிருக்கிறது, அல்லது வேகம் அதிகம் என்று அர்த்தம்.

தண்டில் ஸ்லாஷர் பட்டுவிட்டது. என்ன செய்வது?

கிழிந்த பகுதியைக் கூர்மையான கத்தியால் சீவிச் சமப்படுத்தி, அன்றைக்கே போர்டோ பசை தடவுங்கள். அந்த மரத்தில் சாறு வடிகிறதா, துளையும் நார்த்துகளும் தெரிகிறதா என்று சில மாதங்கள் கவனித்து வாருங்கள்.

அந்த ஆனைமலை விவசாயி மாட்டை நஷ்டத்துக்கு விற்றுவிட்டார். ஸ்லாஷரை மட்டும் விடவில்லை. இப்போது டிராக்டர் வருவதற்கு முந்தின நாள் மாலை, கணவனும் மனைவியும் ஆளுக்கொரு கூடையோடு தோப்பில் நடக்கிறார்கள். ஐந்து ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் ஆகிறதாம்.