உள்ளங்காலைப் பார்த்ததுண்டா?

"தோல் புற்றுநோயா? அது வெள்ளைக்காரனுக்கு வர்ற சீக்காச்சே! நம்ம கருப்புத் தோலுக்கு என்ன வந்திடப் போகுது?" தோட்டத்து அன்பர்கள் இப்படிப் பேசக் கேட்கிறோம். பேச்சில் பாதி உண்மைதான். கருந்தோலில் உள்ள நிறப்பொருள் வெயிலைத் தடுக்கும். அதனால் வெயிலால் வரும் தோல் புற்று நம்மவரிடம் குறைவு. மீதிப் பாதிதான் ஆளைக் கவிழ்க்கிறது.

மேல்நாடுகளில் ஒருவருக்கு இந்நோய் வருமா என்று கணிக்க, தோல் வெளுப்பா, செம்பட்டை முடியா, வெயிலில் தோல் வெந்ததுண்டா என்று கேட்பார்கள். ஜாசினில் செம்பனைக் குலை வெட்டும் அண்ணனும், அலோர் காஜாவில் பால்மரம் சீவும் அக்காவும் எல்லாவற்றுக்கும் "இல்லை" என்பார்கள். ஆபத்தே கிடையாது என்று கணக்கு முடிந்துவிடும்! நம்மைக் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு.

மெலனோமா என்னும் கொடிய வகை கருந்தோல்காரருக்கு வந்தால், பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்காலிலும், உள்ளங்கையிலும், நகத்தடியிலும்தான் வரும். ஜமைக்காவின் பாடகர் பாப் மார்லிக்கு 1977-ல் கால் பெருவிரல் நகத்தடியில் வந்தது. பந்து விளையாட்டில் பட்ட அடி என்றே முதலில் எண்ணினார்கள். 1981-ல் இறந்தார். வயது 36.

வருஷக்கணக்கில் ஆறாத காற்புண்ணிலும், பழைய தீக்காயத் தழும்பிலும்கூடப் புற்று கிளம்பலாம். மஞ்சளைப் பூசிப் பூசி நாளை ஓட்டுகிறோமே, அது சரியில்லை.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் இன்னொன்றும் கேளுங்கள். முன்பு மலாயா ரப்பர் தோட்டங்களில் லாலான் புல்லைக் கொல்ல சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். சாட்சாத் பாஷாணம்! அது உடம்பில் சேர்ந்தால் மழைத்துளி தெளித்தாற்போல் புள்ளிகள் தோன்றும், உள்ளங்கையும் பாதமும் சொரசொரவென்று தடிக்கும், பல்லாண்டு கழித்துப் புற்றும் வரலாம். மேற்கு வங்கத்தில் 1980-களில் குழாய்க்கிணற்று நீரில் கலந்த ஆர்சனிக்கால் இதே கோலத்தைக் கண்டார்கள்.

மாதம் ஒருமுறை காலைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாத பெரியவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். கரும்புள்ளி வளர்கிறதா? ஓரம் கோணலா? புண் ஒரு மாதமாகியும் ஆறவில்லையா? நகத்தில் கருங்கோடு நம்மவர் பலருக்குச் சாதாரணமாகவே இருக்கும், அதற்குப் பயம் வேண்டாம். ஒரே விரலில் புதிதாக வந்து அகன்றுகொண்டே போனால்தான் அரசாங்க கிளினிக்கில் காட்ட வேண்டும்.

டாக்டர் சந்தேகப்பட்டால் துணுக்குச் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்வார். "கத்தி பட்டா பரவிடும்"னு லயத்தில் சொல்வது வெறும் புரளி. பரவுமுன் வெட்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.